வைக்கோலில் சிப்பிக் காளான்: ஒவ்வொரு படியும் எதற்கு என்று தெரிந்து வளர்ப்போம்

சிப்பிக் காளான் வளர்ப்பு பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை மணி நேரம் ஊறவை, இத்தனை நிமிடம் அவி, பையில் கட்டித் தொங்கவிடு என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் ஊறவைக்கிறோம், ஏன் 80 டிகிரி, ஏன் இருட்டில் வைத்துவிட்டு அப்புறம் வெளிச்சத்துக்கு மாற்றுகிறோம் என்பது தெரியாமல் செய்தால், பை பச்சை பிடிக்கும்போது கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் காரணத்தோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இது என்ன உயிர் என்று பார்த்துவிடுவோம். நாம் சமைக்கும் காளான் வெறும் காய்ப்பு மட்டும்தான். உண்மையான உயிர் உள்ளே ஓடும் வெள்ளை நூலிழைகள். சிப்பிக் காளான் காட்டில் பட்ட மரத்தின் மேல் வளர்வது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைக் கரைத்துத் தின்னும் திறமை மிகச் சில உயிர்களுக்கே உண்டு, அதில் இதுவும் ஒன்று. மரத்தில் நைட்ரஜன் ரொம்பக் குறைவு என்பதால், இதன் இழைகள் மிக நுண்ணிய நூற்புழுக்களை மயக்கிப் பிடித்து உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். அவ்வளவு பிடிவாதமான உயிர், ஆனால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பரவும். பச்சைப் பூஞ்சை வேகமாகப் பரவும். நாம் செய்கிற எல்லா வேலையும் இந்தப் போட்டியில் சிப்பிக் காளானை முந்த வைப்பதற்குத்தான்.

முதல் உலகப் போர்க் காலத்தில், 1917 வாக்கில், ஜெர்மனியில் ஃபால்க் என்ற ஆராய்ச்சியாளர் மரக்கட்டைகளில் இதை வளர்த்துக் காட்டினார். மரம் வேண்டாம், நெல் வைக்கோலே போதும் என்பதை நம் பக்கத்தில் 1962-ல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பானோவும் ஸ்ரீவஸ்தவாவும் காட்டினார்கள். இன்றைக்கு வீட்டுக் கொட்டகையில் காளான் வளர்க்க முடிகிறதென்றால் இந்த மாதிரி ஆராய்ச்சிதான் காரணம். பாரிஸ் பக்கத்துக் கல்குவாரிச் சுரங்கங்களில் ஐரோப்பியர்கள் வளர்த்துப் பேர்வாங்கிய மொட்டுக் காளானுக்குக் குதிரைச் சாணத்தில் பல நாள் மக்கவைத்த உரமும் நல்ல குளிர்ச்சியும் வேண்டும், ஊட்டியில் சரி, சமவெளியில் ஏ.சி. இல்லாமல் நடக்காது. சிப்பிக்கு அந்தத் தொல்லை இல்லை.

வைக்கோல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அந்தப் போகத்து வைக்கோலாக, பொன்னிறமாக, மழையில் நனையாததாக இருக்க வேண்டும். கறுத்துப்போன, புழுங்கிய நாற்றமடிக்கிற வைக்கோலில் வேறு பூஞ்சைகள் ஏற்கெனவே குடியேறியிருக்கும், எவ்வளவு அவித்தாலும் அது தேறாது. விரலில் பாதி நீளத்துக்கு, 3 முதல் 5 செ.மீ. அளவில் நறுக்கி, 4 முதல் 6 மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். நார் உள்ளே வரை தண்ணீர் ஏறினால்தான் இழைகளுக்கு அது உணவாகும், சூடும் உள்ளே வரை இறங்கும்.

அப்புறம் ஊறிய வைக்கோலைச் சாக்கில் கட்டி, 80 டிகிரி வெந்நீரில் முழுக முக்கி அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தேவையில்லை. இந்தச் சூட்டில் போட்டிப் பூஞ்சைகளும் பூச்சி முட்டைகளும் அழிந்துவிடும், ஆனால் சூடு தாங்கும் சில நல்ல பாக்டீரியாக்கள் பிழைத்திருந்து புதிதாக வரும் பூஞ்சைகளை ஓரளவு தடுக்கும். ஒரு உயிர்கூட இல்லாமல் சுத்தமாக அழித்துவிட்டால், காற்றில் முதலில் வந்து விழுகிற பூஞ்சைத் தூள் எதுவோ அதற்கே இடம், அப்போது ஆய்வுக்கூடம் அளவுக்குச் சுத்தம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஈரப்பதம்தான் பெரும்பாலானவர்களுக்குத் தகராறு செய்கிற இடம். அவித்ததை வடியவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பில் நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் கையைத் திறந்தால் உள்ளங்கை ஈரமாகப் பளபளக்க வேண்டும். சொட்டினால் இன்னும் ஆறட்டும். ஈரம் அதிகமானால் வைக்கோலுக்கு இடையில் காற்று நிற்காது, இழை மூச்சுமுட்டி நின்றுவிடும், புளித்த நாற்றம் வரும்.

வித்து என்பது வேகவைத்த சோளத்தில் காளான் இழையை வளர்த்தது. வேளாண் பல்கலைக்கழகத்திலோ நம்பகமான வித்துக்கூடத்திலோ வாங்குங்கள். சோளம் முழுக்க வெள்ளை போர்த்தி, காளான் வாசம் அடிக்க வேண்டும். எங்காவது பச்சையோ கறுப்போ ஒரு பொட்டு தெரிந்தாலும் அந்தப் பாக்கெட் வேண்டாம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள பாலிதீன் பையின் அடியைக் கட்டி, நடுவில் இரண்டு மூன்று சிறு துளை போட்டு, 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோல், அதன் மேல் ஓரத்தை ஒட்டி ஒரு கை வித்து, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்கு போடுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் நன்றாக அமுக்குங்கள், இடைவெளி விட்டால் இழை தாண்டிப் போகச் சிரமப்படும். 5 கிலோ ஈர வைக்கோலுக்கு 150 கிராம் வித்து தாராளம்.

பையை இருட்டான அறையில் 15 முதல் 20 நாள் தொங்கவிடுங்கள். சும்மா எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். பை முழுக்க வெள்ளை படர்ந்ததும் பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டு, ஈர மணல் பரப்பி ஈரச் சாக்கு தொங்கவிட்ட குடிலுக்கு மாற்றுங்கள். இதுவரை தன் மூச்சுக் காற்றான கரியமில வாயுவிலேயே புழுங்கிக்கொண்டிருந்த பூஞ்சைக்குத் திடீரென்று புதுக் காற்றும் வெளிச்சமும் ஈரமும் கிடைக்கிறது. காட்டில் மரத்தின் உள்ளே இருந்து வெளியே எட்டிப்பார்த்ததற்கு அதுதான் அடையாளம், உடனே காய்க்கத் தொடங்கும். மூன்று நாலு நாளில் குண்டூசித் தலை போல மொட்டு வரும், அடுத்த மூன்று நாளில் அறுவடை. காம்பு நீண்டு தொப்பி சின்னதாக வந்தால் காற்றோட்டம் போதவில்லை அல்லது இருட்டு அதிகம் என்று அர்த்தம், சன்னலைத் திறங்கள். செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம் போதும். தண்ணீரைப் பனி போலத் தெளியுங்கள், மொட்டின் மேல் ஊற்றினால் அழுகிவிடும்.

தொப்பியின் விளிம்பு இன்னும் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும்போதே, தண்ணீர் தெளிக்கும் முன்னால், கொத்தோடு திருகி எடுங்கள். விளிம்பு நிமிர்ந்துவிட்டால் வித்துத்தூள், அதாவது காளானின் விதை போன்ற நுண்ணிய தூள், கொட்டத் தொடங்கும். அது வெள்ளைப் புகை மாதிரி பறந்து நுரையீரலுக்குள் போகும், தினமும் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் காய்ச்சலும் வரும், பல பைகள் வைத்திருப்பவர்கள் முகக்கவசம் போடாமல் உள்ளே போகவே கூடாது. மேல்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டால் இரண்டாவது, மூன்றாவது முறையும் வரும். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு மொத்தத்தில் அரைக் கிலோவிலிருந்து 800 கிராம் வரை எதிர்பார்க்கலாம்.

பையில் திடீரென்று மெல்லிய காம்போடு ஒரு குடை முளைத்து, சில மணி நேரத்தில் மை மாதிரி கறுத்துக் கரைந்தால் அது வேறு காளான், வைக்கோல் சரியாக அவியவில்லை. பிடுங்கி எறியுங்கள். தெரியாத காளானை ருசி பார்க்கிற பேச்சே வேண்டாம். வெள்ளிக் காசு கறுக்காவிட்டால், மஞ்சள் போட்டு நிறம் மாறாவிட்டால் நல்ல காளான் என்பதெல்லாம் சுத்தப் பொய். அமானிட்டா இனத்துக் கொடிய காளான்களின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது, அப்புறம் வாந்தியும் பேதியும், அது ஒருநாள் அடங்கி ஆள் தேறியதுபோல் தெரியும், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

மழை பெய்ததும் புற்றில் முளைக்கிற புற்றுக் காளானை இதே மாதிரி வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அது கறையான்கள் தங்கள் கூட்டுக்குள் வளர்க்கும் பயிர், சுமார் 3 கோடி ஆண்டுகளாகச் செய்துவருகின்றன, கறையான் இல்லாமல் அது வராது.

சித்திரை வைகாசி வெயிலில் சிப்பி தடுமாறும், அப்போது பால் காளானுக்கு மாறிவிடுங்கள். மேற்கு வங்கத்தில் காட்டிலிருந்து மக்கள் பறித்துச் சாப்பிட்டுவந்த அதற்கு 1974-ல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள், 1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரகமாக வெளியிட்டது. 30 முதல் 35 டிகிரி அதற்குச் சொர்க்கம், வெள்ளை படர்ந்த வைக்கோலின் மேல் அவித்த மண் ஒரு அடுக்கு போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பறித்ததை அன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது, பிரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாலு நாள்தான் தாங்கும். பச்சையாகச் சாப்பிடாதீர்கள். சமைப்பதற்கு முன் கிழித்த காளானை நடுப்பகல் வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் வைட்டமின் டி2-வாக மாறும், சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் செய்யலாம். காய்ப்பு முடிந்த பையைக் குடிலுக்குள்ளேயே போட்டுவைக்காதீர்கள், ஈயும் பச்சைப் பூஞ்சையும் அங்கிருந்துதான் புதுப் பைக்குத் தாவும். தூரமாகக் கொண்டுபோய் மண்புழு உரக் குழியில் போட்டுவிடுங்கள்.