ஹேலி வால்வெள்ளியின் தூசியை மட்டக்களப்பில் இருந்து பார்ப்பது எப்படி

ஹேலி கடைசியாக 1986இல் வந்தது, இனி 2061இல்தான் வரும். ஆனால் அது உதிர்த்துவிட்டுப் போன தூசியை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கலாம். சூரியனுக்குக் கிட்ட வரும்போது வால்வெள்ளியின் பனி ஆவியாகிப் பீறிட, அதோடு மணல் அளவுத் துணிக்கைகளும் கிளம்பிப் பாதை முழுக்கப் பரவிக் கிடக்கும். பூமி அதற்குள்ளால் போகும்போது அவை நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரியும். அதுதான் எரிவெள்ளி. ஒக்டோபரிலும் இதே ஹேலித் தூசி ஒருமுறை வரும், டிசம்பரில் இதைவிடப் பெரிய எரிவெள்ளிப் பொழிவு உண்டு, ஆனால் டிசம்பரில் நமக்கு மாரி, வானமே தெரியாது. அதனால் மே.

1. நேரம். நான் பிழைவிட்டது இதில்தான், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். உச்சம் மே 6 என்று வாசித்துவிட்டு, முதல் வருடம் 6ஆம் திகதி இரவுச் சாப்பாடு முடித்துக் கடற்கரைக்குப் போய்ப் பதினொரு மணி வரை இருந்தேன், ஒன்றுகூடத் தெரியவில்லை. காரணம், எரிவெள்ளிகள் புறப்படுவதுபோல் தோன்றும் கும்ப ராசிப் பகுதி நள்ளிரவு தாண்டி, ஒன்றரை மணியளவில்தான் கிழக்கே கடலுக்கு மேல் எழும்பும். அதனால் 5ஆம் திகதி நேரத்துக்குப் படுத்து, 6ஆம் திகதி விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்புங்கள். மூன்றிலிருந்து நாலரை வரை நல்ல நேரம், அப்புறம் வானம் வெளுத்துவிடும். முதல் நாளும் அடுத்த நாளும்கூடப் பரவாயில்லை.

2. நிலா. பௌர்ணமி கழிந்த கையோடு உச்சம் வந்தால் விடியப்புறம் நிலா நிற்கும், எரிவெள்ளிகளில் பாதிக்கு மேல் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். 2027இல் மே 6 அமாவாசை, அதை விடாதீர்கள்.

3. இடம். கல்லடிப் பக்கம் வெளிச்சம் கூட. களுதாவளை, அம்பாறைப் பக்கம் என்றால் திருக்கோவில், இப்படி இருட்டான கடற்கரை தேடுங்கள். தனியே போகவேண்டாம்.

4. சாமான். பாய், தலையணை, நுளம்புக்கு ஏதாவது. ரெலஸ்கோப் வாங்கவே வேண்டாம், அது வானத்தில் சிறு துண்டைத்தான் காட்டும். ரோச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். போனை இருபது நிமிடமாவது தொடாமல் இருந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும், ஒருதரம் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு மல்லாந்து படுத்து வானம் முழுவதையும் பாருங்கள். கும்ப ராசியையே உற்றுப் பார்த்தால் குட்டைக் கோடுகள்தான் தெரியும், நீளமானவை தள்ளித்தான் விழும். சில கோடுகள் மறைந்த பிறகும் ஓரிரு நொடி மினுங்கும், எனக்கு அதுதான் மிகப் பிடித்தது.

பிற்சேர்க்கை: “மணிக்கு 50 என்றார்கள், நான் 14தான் எண்ணினேன்” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்த 50, கும்ப ராசிப் பகுதி நேரே தலைக்கு மேல் நின்று வானமும் துளி வெளிச்சமில்லாமல் இருந்தால் வரும் கணக்கு. விடியுமுன் நமக்கு அது பாதி உயரத்துக்குத்தான் ஏறும், அதனால் 14 நல்ல எண்ணிக்கைதான். நிதானமாக ஒரே வேகத்தில் ஊர்வது செய்மதி, அதைச் சேர்க்காதீர்கள்.