எழுத்தின் பெயர் அல்ல, ஒலி: மழலைக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தர

எல்.கே.ஜி. பிள்ளை ‘ஏ ஃபார் ஆப்பிள்’ தொடங்கி ‘இசட்’ வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். சூரியனைக் குறிக்கும் ‘சன்’ என்ற சொல்லை எழுதிக் காட்டினால் ‘எஸ், யூ, என்’ என்று சொல்லி நிறுத்திவிடும். எழுத்துகளின் பெயர்களை எத்தனை முறை சேர்த்துச் சொன்னாலும் சொல் பிறக்காது. ஒலிகளைச் சேர்க்க வேண்டும்.

26 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எஸ், எம், என், ஐ, யூ, டைகருக்குப் போடும் டி ஆகிய ஆறு போதும். வாரத்துக்கு இரண்டு, ஸ்மால் லெட்டரில் மட்டும். ஸ், ம், ன் மூன்றையும் இழுத்துச் சொல்லலாம். ஐ, யூ இரண்டின் ஒலிகளான ‘இ’யும் ‘அ’வும் பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய உயிரெழுத்துகள். ஆப்பிளின் முதல் ஒலி தமிழில் இல்லை, அதைப் பிறகு பார்க்கலாம்.

பெரும்பாலும் பிழை நம் வாயில்தான் தொடங்குகிறது. ‘ஸு, அ, னு’ என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை ‘சுஅனு’ என்றுதான் சேர்க்கும். புள்ளி வைத்த மெய்யாகவே சொல்லுங்கள்: ஸ், அ, ன். ‘பஸ்ஸு’, ‘கப்பு’ என்று பேசுகிற பழக்கம் இங்கே குறுக்கே வரும், கவனம்.

தரையில் சாக்பீஸால் மூன்று கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு ஒலிக்கும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ளட்டும் (வாயில் போடாத வயதாக இருக்க வேண்டும்). பிறகு இடமிருந்து வலமாக விரலை ஓட்டி, நிறுத்தாமல், ‘ஸ்ஸ்அன்ன்’. இது கைவந்த பிறகு கொட்டைகளுக்குப் பதில் எழுத்தட்டைகளை வையுங்கள். நட், சிட், டின் எல்லாம் இந்த ஆறு எழுத்துக்குள்ளேயே கிடைக்கும். நாளுக்கு பத்து நிமிடம். பிள்ளை கொட்டாவி விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறதா என்ற சந்தேகம் வந்தால் படத்தை மூடிவிட்டு, ‘நிஸ்’ போன்ற பொருளற்ற ஒரு சொல்லை எழுதிக் கொடுங்கள். ஒலி கூட்டத் தெரிந்த பிள்ளை அதையும் வாசித்துவிடும்.

அடுத்த சிக்கல் நம் எழுத்துமுறையால் வருவது. ‘பல்’, ‘பஸ்’ இரண்டுக்கும் ஒரே ‘ப’தான் எழுதுகிறோம், ஒலியோ வேறு. ‘அப்பா’வில் வருவது ஒன்று, ‘தம்பி’யில் வருவது இன்னொன்று. பிள்ளை நாள் முழுக்க இரண்டையும் சரியாகவே சொல்கிறது. அந்தச் சொற்களை வைத்தே வேறுபாட்டைக் காதில் விழச் செய்யுங்கள். டீ, டாக்டர் என்ற இணையும் அப்படியே.

பஸ்ஸின் முதலெழுத்தும் டாக்டரின் முதலெழுத்தும் ஸ்மால் லெட்டரில் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். ஒன்றைச் சொல்லிக்கொடுத்து மூன்று, நான்கு வாரம் கழித்தே மற்றதைத் தொடங்குங்கள். அதுவரை தட்டில் பரப்பிய ரவையில் முதலாவதை மட்டும் விரலால் எழுதிப் பழகட்டும், ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.