இரண்டு கோடு தெரிந்ததும்: முதல் 13 வாரங்களில் எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை

நாள் தள்ளிப்போய், கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் இரண்டு கோடு தெரிந்த நிமிடத்திலேயே மனம் ஒன்பது மாதத்தைத் தாண்டி ஓடிவிடும். பெயர் தேடும், நாளைக்கே ஸ்கேனில் குழந்தையைப் பார்த்துவிடத் துடிக்கும். முதல் குழந்தை என்றால் அப்படித்தான் இருக்கும். அந்தச் சந்தோஷத்தை அடக்கிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பரபரப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் செலவாகிறது. ஸ்கேனுக்கு ஓடுகிறவர்கள் ஃபோலிக் அமில மாத்திரையை "டாக்டரைப் பார்த்த பிறகு" என்று தள்ளிவைக்கிறார்கள். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு. மாத்திரை இன்றைக்கே தொடங்க வேண்டியது. ஸ்கேன் இரண்டு மூன்று வாரம் காத்திருக்கக் கூடியது.

கார்டைச் சரியாகப் பார்ப்பது

மாதவிடாய் வரவேண்டிய நாள் கடந்த பிறகு பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால், கரு இருந்தும் கோடு வராமல் போகலாம். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்கத் தேங்கியிருப்பதால் அதில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். பகலில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் நீர்த்துப்போயிருக்கும். கார்டைச் சமதளத்தில் வைத்து, 'எஸ்' என்று குறித்த குழியில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். எண்ணிக்கையும் காத்திருக்கும் நேரமும் உறையில் போட்டிருக்கும். பெரும்பாலான கார்டுகளுக்கு ஐந்து நிமிடம்.

'சி' கோடு வரவில்லை என்றால் கார்டு பழுது. வேறு கார்டில் பாருங்கள். 'சி'யோடு 'டி' கோடும் வந்தால், அது மங்கலாக இருந்தாலும், கர்ப்பம்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகு குப்பையிலிருந்து எடுத்துப் பார்க்காதீர்கள். காய்ந்த சிறுநீர் நிறமற்ற சாம்பல் கோட்டை விட்டுவைக்கும். வீட்டுப் பரிசோதனையில் அதிகம் பேரை ஏமாற்றுவது அதுதான். ஒரு கோடுதான் வந்தது, ஆனால் நாள் தள்ளிக்கொண்டே போகிறது என்றால் மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள். கரு தங்கியிருந்தால் இந்த ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதால் அதற்குள் கோடு எழுந்துவிடும். குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கு அந்த ஊசியே சில நாள் பொய்க்கோடு காட்டும். அவர்கள் மருத்துவர் சொன்ன நாளில் மட்டும் பார்க்க வேண்டும்.

வயிற்றுவலியோ ரத்தக்கசிவோ இல்லாதவர்கள், கோடு நாளுக்கு நாள் அழுத்தமாகிறதா என்று தினமும் ஒரு கார்டு வாங்க வேண்டாம். கோட்டின் அழுத்தம் கருவின் வளர்ச்சியைச் சொல்லாது.

வாரக் கணக்கு

கணக்கு தொடங்குவது கரு உருவான நாளிலிருந்து அல்ல, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. அதனால் நாள் தள்ளிப்போன அன்றே நீங்கள் நான்கு வாரக் கர்ப்பிணி. பிரசவத் தேதிக்கு, அந்த முதல் நாளோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள். இது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குப் பொருந்தும் கணக்கு. சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள், நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் முதல் மூன்று மாதத்து ஸ்கேன் சொல்லும் தேதியைப் பிடித்துக்கொள்வதே நல்லது. கடைசி மாதவிடாய்த் தேதியை இப்போதே எழுதிவையுங்கள். எங்கே போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான்.

இன்றைக்கே தொடங்க வேண்டியவை

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கரு உருவாகி சுமார் 28 நாளில் மூடிவிடுகிறது. உங்கள் கணக்கில் அது ஆறாவது வாரம். கோடு தெரிந்தது நான்காவது ஐந்தாவது வாரத்தில் என்றால், கையில் இருப்பது ஓரிரு வாரம்தான். அந்தக் குழல் சரியாக மூட ஃபோலிக் அமிலம் தேவை. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்கியிருந்தால் மிக நல்லது, இல்லையென்றால் இன்றே. நாளுக்கு 400 மைக்ரோகிராம், 12 வாரம் முடியும்வரை. மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், முன்பு நரம்புக்குழல் குறையோடு குழந்தை உருவானவர்கள் ஆகியோருக்கு அந்தக் கூடுதல் அளவு தேவைப்படும். உங்களுக்கு எது என்பதை மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வீட்டு மருந்து டப்பா. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக எடுக்காதீர்கள். காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் எடுப்பவர்கள் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் தைராய்டு, வலிப்பு, சர்க்கரை மருந்துகளைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. தைராய்டு மாத்திரையின் அளவு கர்ப்பத்தில் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். நிறுத்தினால் பாதிப்பு குழந்தைக்கு. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம், என்ன கலந்தது என்று தெரியாத லேகியம் எதுவும் வேண்டாம்.

பதிவு

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையோ தனியாரோ, எங்கே பிரசவம் பார்த்தாலும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் பதிவுசெய்து, ஆர்.சி.எச். எண் என்ற 12 இலக்கப் பதிவு எண் வாங்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்கப்படும். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் அல்லது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியலாம். 102 எண்ணிலும் உதவி கிடைக்கும். ஆதார், கடைசி மாதவிடாய்த் தேதி, செல்பேசி எண், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கணவர் பெயரில் உள்ள கணக்கு, ஆதாரில் திருமணத்துக்கு முந்தைய முகவரி, இந்த இரண்டும்தான் வேலையை இழுத்தடிக்கும்.

12 வாரத்துக்குள் பதிந்துவிடுவது முக்கியம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அதற்கும் இந்த ஆரம்பப் பதிவு தேவை.

முதல் பரிசோதனை

ரத்தப் பிரிவும் ஆர்.எச். வகையும், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி, சிறுநீர். இவ்வளவுதான் அடிப்படைப் பட்டியல். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. உங்கள் ரத்தம் நெகட்டிவ் என்றால் கணவரின் ரத்தப் பிரிவையும் அன்றே பார்த்துவிடுங்கள். அவருக்குப் பாசிட்டிவ் என்றால் இடையில் சிறு ரத்தக்கசிவு வந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், உங்கள் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

சர்க்கரைப் பரிசோதனையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறை இங்கே நடைமுறையில் இருக்கிறது: 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. மசக்கையில் குடித்தது வெளியே வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அரை மணிக்குள் வாந்தி வந்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்வார்கள். அதற்குப் பிறகு என்றால் பரிசோதனை தொடரும். முதல்முறை இயல்பாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

ஸ்கேனுக்கு ஏன் பொறுக்க வேண்டும்

ஐந்தாவது வாரத்தில் ஸ்கேன் செய்தால் கருப்பையில் ஒரு சிறு பை மட்டும் தெரியும். துடிப்பு தெரியத் தொடங்குவது ஆறாவது வாரத்தில். கருத்தரிப்பு சில நாள் தாமதமாகியிருந்தால் இன்னும் தள்ளும். அவசரப்பட்டுப் போனவர்கள் "துடிப்பு வரவில்லை, பத்து நாள் கழித்து வாங்க" என்ற ஒரு வரியோடு வீடு திரும்பி, பத்து நாளும் தூங்காமல் கிடக்கிறார்கள். பல நேரம் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது; போன நாள்தான் தவறு. வலியும் கசிவும் இல்லையென்றால் ஏழாவது எட்டாவது வாரம் போங்கள். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றா இரண்டா, துடிப்பு, வயது நான்கும் ஒரே தடவையில் தெரிந்துவிடும். முன்பு கருக்குழாயில் கரு தங்கியவர்களும் அடிக்கடி கலைந்தவர்களும் மட்டும் சீக்கிரமே போக வேண்டும்.

இந்த வாரங்களில் பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் தெளிவாகக் காட்டும். அது கருவைத் தொடாது, கலைக்காது; அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதற்குத்தான் தண்ணீர் குடித்து அடக்கிவைக்க வேண்டும். எது என்று முன்பே கேட்டுக்கொண்டால் ஒரு மணி நேர அவஸ்தை மிச்சம். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மசக்கை

பெரும்பாலும் ஆறாவது வாரம் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், 12 முதல் 16 வாரத்துக்குள் தணியும். வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். அதனால் படுக்கைக்குப் பக்கத்திலேயே ரஸ்க், பொரி, வறுத்த கடலை ஏதாவது வையுங்கள். எழுந்து உட்கார்ந்ததும் இரண்டு வாய் தின்று, கால் மணி கழித்து இறங்குங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாக உடையுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடையிடையே பருகுங்கள். தாளிப்பு வாசனைதான் பலரைக் குப்புறத் தள்ளும். சூடான குழம்பைவிட ஆறிய தயிர்சோறும் எலுமிச்சைச் சோறும் உள்ளே தங்கும். சமையலறையை இந்த ஆறு வாரம் கணவர் ஏற்றுக்கொள்வது, பூ வாங்கி வருவதைவிடப் பெரிய உதவி.

இஞ்சிச்சாறு, நெல்லிக்காய் சிலருக்குக் கேட்கும். கேட்காவிட்டால் டாக்ஸிலமின், பி6 வைட்டமின் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் தருவார். நீண்டகாலமாகக் கர்ப்பிணிகள் பயன்படுத்திவரும் பாதுகாப்பான மருந்து அது. "மாத்திரை போடாமல் தாங்கிக்கொள்" என்ற அறிவுரைக்குச் செவிகொடுக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும் என்பதால் பெரும்பாலும் 12 வாரத்துக்குப் பிறகே தொடங்குகிறார்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர்மஞ்சளாகக் குறைந்துவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது, எடை இறங்குகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், அன்றே போங்கள். குமட்டலே இல்லாதவர்களும் பயப்பட வேண்டாம். நலமாகப் பிள்ளை பெற்றவர்களில் மசக்கையே அறியாதவர்கள் பலர். மாங்காய் ஆசை இருக்கட்டும்; பச்சரிசி, சாம்பல், மண், சாக்பீஸ் தின்னத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு

முதல் மூன்று மாதத்தில் இருவருக்காகச் சாப்பிட வேண்டியதில்லை. கூடுதல் உணவு நான்காவது மாதத்திலிருந்துதான். பால் காய்ச்சியதாக, முட்டை முழுதாக வெந்ததாக இருக்கட்டும். ஃபில்டர் காபி நாளுக்கு இரண்டு சிறு டம்ளரோடு நிற்கட்டும். நெத்திலி, மத்தி தாராளமாகச் சாப்பிடலாம். சுறாவில் பாதரசம் அதிகம், தவிர்த்துவிடுங்கள். ரத்தம் ஊறும் என்று வாரம் தவறாமல் ஈரல் கொடுக்கும் வீடுகளில் ஒன்று சொல்ல வேண்டும்: அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், ஆரம்ப மாதங்களில் கருவுக்கு அது நல்லதல்ல. பப்பாளியில் காயைத் தவிர்த்தால் போதும். குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்

ஒரு பக்கமாகக் கடுமையான வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம்: கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 108ஐ அழையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சலோடு வயிற்றுவலி ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ஓரிரு சொட்டு என்பது வேறு. நால்வரில் ஒருவருக்கு ஆரம்பத்தில் ஏதோ ஒரு கசிவு இருக்கும். பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. மருத்துவரிடம் சொல்லி ஸ்கேன் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்தே கிடப்பது கலைவதைத் தடுக்காது. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபதுவரை கலைகின்றன. ஆரம்பத்திலேயே கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. ஸ்கூட்டரில் போனது, மாடிப்படி ஏறியது, அன்னாசி தின்றது காரணமில்லை. இதை மாமியாரும் அம்மாவும் கேட்கும்படி மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். பழியைச் சுமக்கிற பெண்ணுக்கு அது பெரிய துணை.

யாரிடம் எப்போது சொல்வது

மூன்று மாதம் முடியட்டும் என்பது நம் வீடுகளின் வழக்கம். ஊருக்குச் சொல்ல அது சரி. ஆனால் கணவரைத் தவிர இன்னும் ஒருவருக்காவது இப்போதே தெரிந்திருக்கட்டும்: நள்ளிரவில் கசிவு வந்தால் யாரை எழுப்புவீர்களோ அவருக்கு. எக்ஸ்ரே அறை, ரசாயனம், பெயின்ட், பாரம் தூக்கும் வேலை உள்ளவர்கள் அலுவலகத்திலும் உடனே சொல்லிவிட வேண்டும்.

ஊருக்குச் சொல்வதற்கு முன் கையில் இருக்க வேண்டியது, 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் செய்யும் என்.டி. ஸ்கேன். குழந்தையின் பின்கழுத்து நீர் அளவை அதில் பார்ப்பார்கள். கூடவே எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை டவுன் சின்ட்ரோம் போன்றவற்றுக்கான வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்லும். அது வாய்ப்புக் கணக்குதான், நோய் உறுதி அல்ல. எண் அதிகமாக வந்தால் அடுத்த பரிசோதனை என்ன என்று கேளுங்கள். இந்த மூன்று வாரம் தாண்டினால் அந்த அளவு பயன்படாது என்பதால், எட்டாவது வார ஸ்கேன் முடிந்து கிளம்பும்போதே இதற்கான தேதியையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.