பிளாட்பெட் ட்ரக் ஓட்டப் போகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது: பாரம் கட்டுதல்

மூடிய ட்ரெயிலர் ஓட்டுபவர் பல நேரம் பாரத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. சீல் வைத்த கதவோடு எடுப்பார், அதே சீலோடு கொடுப்பார். பிளாட்பெட் என்பது சுவரும் கூரையும் இல்லாத திறந்த தட்டை ட்ரெயிலர், அதில் அது நடக்காது. கிரேன்காரர் இரும்பைத் தளத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதைக் கட்டுவது, மூடுவது, வழியில் பார்ப்பது எல்லாம் சாரதியின் பொறுப்பு. தெருவில் ஏதாவது விழுந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவதும் அவர்தான். இந்த வேலையின் பாதி தரையில் நின்று செய்யும் வேலை என்று தெரிந்துகொண்டு வருகிறவர்களே இதில் நிலைக்கிறார்கள்.

இங்கே எழுதுவது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஓடும் கம்பனிகளை மனதில் வைத்து. ஹமில்ரன் இரும்பாலைகளிலிருந்து மிச்சிகன், ஒஹாயோ பக்கம் போகும் சுருள்களும் தகடுகளும்தான் இங்கே எடுத்துக்காட்டு.

வேலைக்குச் சேரும் முன்

ஒன்ராறியோவில் ஏ.இசட் லைசன்ஸ் (ட்ரெயிலர் இழுக்கும் பெரிய ட்ரக் ஓட்டுவதற்கானது) எடுக்க 2017 யூலை 1 முதல் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதில் பாரம் கட்டுதல் ஒரு சிறு பகுதிதான். ஆகவே கம்பனியிடம் முதலில் கேட்க வேண்டியது, பழைய சாரதி ஒருவரோடு எத்தனை கிழமை விடுவீர்கள் என்பது. ஒரே நாளில் திறப்பைக் கையில் தருகிற இடத்தில் பிளாட்பெட் தொடங்காதீர்கள்.

அடுத்தது சம்பளம். மைலுக்கு எவ்வளவு என்பதோடு நிற்காமல், படங்கு (தார்ப்பாய்) போடுவதற்குத் தனிக் காசு உண்டா, ஏற்றும் இடத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு உண்டா, செயினும் ஸ்ட்ராப்பும் (பாரம் கட்டும் அகலப் பட்டி) யாருடையவை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "உங்கள் பெயரில் ஒரு கம்பனி பதிந்துகொண்டு வாருங்கள், அதற்குச் செக் தருகிறோம்" என்றால் நிதானமாக யோசியுங்கள். ட்ரக் அவர்களுடையது, எங்கே எப்போது போக வேண்டும் என்று சொல்வதும் அவர்கள் என்றால், நீங்கள் பெரும்பாலும் ஊழியர்தான். விடுமுறைக் கொடுப்பனவு, வேலையிழப்புக் காப்புறுதி போன்றவை அந்த ஏற்பாட்டில் கைநழுவிப் போகும். மாகாண எல்லை தாண்டி ஓடும் கம்பனிகளுக்குரிய கனடா தொழில் சட்டம், ஊழியரை ஊழியர் அல்லாதவராகக் காட்டுவதை 2021 சனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது.

சாமான்

ட்ரெயிலரை எடுத்ததும் பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். இரும்பு ஏற்றும் ட்ரெயிலரில் 3/8 அங்குலச் செயின் பத்து, அதற்கு ஏற்ற ராச்செற் பைண்டர் (செயினை இறுக்கும் கருவி) பத்து, 4 அங்குல ஸ்ட்ராப் பன்னிரண்டு, இருபதுக்குக் குறையாத மூலைக்காப்பு, 4x4 அங்குலக் கட்டைகள், சுருளுக்கான இரும்புத் தாங்கிகள், உராய்வு ரப்பர் பாய்கள் இருந்தால்தான் புறப்படத் தயார்.

ஒவ்வொரு செயினிலும் அதன் பலத் தரத்தை (கிரேட்) காட்டும் 7 அல்லது 70 என்ற முத்திரை இருக்க வேண்டும். முத்திரையுள்ள 3/8 அங்குல கிரேட் 70 செயினின் வேலைத் தாங்குதிறன் 2,990 கிலோ. முத்திரை தேய்ந்துபோனால் சோதனை அதிகாரி அதைக் கிரேட் 30 ஆகவே எண்ணுவார், 1,200 கிலோதான் கிடைக்கும். ஸ்ட்ராப்புக்கும் இதே கதை. தாங்குதிறன் எழுதிய துண்டுச்சீட்டு இருந்தால் 4 அங்குல ஸ்ட்ராப்புக்கு வழக்கமாக 2,450 கிலோ, இல்லாவிட்டால் 1,810. முக்கால் அங்குலத்துக்கு மேல் வெட்டு விழுந்த ஸ்ட்ராப்பைக் குப்பையில் போடுங்கள், முடிச்சுப் போட்டுப் பாவிக்க வேண்டாம். செயின், பைண்டர், கொக்கி, தளத்தில் கொழுவும் இடம் ஆகிய நான்கில் எது பலவீனமோ அதுவே அந்தக் கட்டின் பலம்.

கணக்கு

பாரம் கட்டுவதற்கான விதி, கனடாவின் தேசியப் பாதுகாப்புத் தரம் 10. அது இரண்டு கணக்கைக் கேட்கிறது. ஒன்று நீளம். முன்னால் முட்டுக்கொடுக்காத பாரமாக இருந்தால் முதல் 3.04 மீற்றருக்கு இரண்டு கட்டு (செயினோ ஸ்ட்ராப்போ), அதன்பின் ஒவ்வொரு 3.04 மீற்றருக்கும் அல்லது அதன் மிச்சத்துக்கும் ஒன்று. மற்றது நிறை. எல்லாக் கட்டுகளின் தாங்குதிறனையும் கூட்டினால் பாரத்தின் பாதி நிறையாவது வர வேண்டும். எது கூடுதலோ அதைப் போட வேண்டும்.

12 மீற்றர் நீளமான, 18,000 கிலோ இரும்புப் பாரம் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தின்படி இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்து. நிறையின்படி 9,000 ஐ 2,450 ஆல் பிரித்தால் நான்கு ஸ்ட்ராப். ஆகவே ஐந்து. இது சட்டத்தின் அடித்தளம் மட்டும், அனுபவமுள்ளவர்கள் ஒன்றிரண்டு கூடவே போடுவார்கள். உயரம் குறைந்த பாரத்தின் மேலால் போகும் ஸ்ட்ராப் மிகச் சரிவாகக் கிடக்கும், கீழ்நோக்கி அமத்தும் விசை அதில் குறைவு. அங்கே ரப்பர் பாய் போடாமல் ஸ்ட்ராப்பை மட்டும் நம்பக் கூடாது.

இரும்புச் சுருள்

இதுதான் கவனம் முழுதும் கேட்கும் பாரம். முன்பக்கமாகப் பாரத்தின் நிறையைப்போல் 0.8 மடங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும் என்று தரம் 10 கேட்கிறது. 20,000 கிலோச் சுருள் ஒன்று கடும் பிரேக்கில் 16,000 கிலோ எடையளவு விசையோடு உங்கள் முதுகை நோக்கி வரப் பார்க்கும். சாரதி அறைக்குப் பின்னால் இருக்கும் அலுமினியத் தடுப்பு அதை நிறுத்தாது.

சுருளின் நடுத்துளையைக் கண் என்கிறோம். கண் வானத்தைப் பார்க்கலாம், முன்னும் பின்னும் பார்க்கலாம், பக்கவாட்டில் பார்க்கலாம். பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் அது முன்னோக்கி உருளக்கூடிய நிலை. அதற்கான முறை:

கிரேன் இறக்கும் முன்பே இடத்தைக் குறியுங்கள். அமெரிக்காவில் மொத்தம் 80,000 றாத்தல், ஓர் இரட்டை அச்சில் 34,000 றாத்தல் என்பது பொது எல்லை. ஒன்ராறியோவில் கூடுதல் அச்சுகளோடு இதைவிட அதிகம் ஏற்றலாம் என்பதை நம்பி எல்லை தாண்டி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒற்றைச் சுருள் அரை மீற்றர் தள்ளி இறங்கினாலே ஓர் அச்சு எல்லையைத் தாண்டிவிடலாம், பிறகு கையால் நகர்த்த முடியாது.

தளத்தில் பனிக்கட்டி, எண்ணெய், பழைய ஆணி இருந்தால் துடைத்து எடுங்கள். தாங்கிகளில் இரண்டு கட்டைகளைக் குறுக்காக வைத்து, சுருள் அவற்றுக்கு நடுவே இறங்கும்படி செய்யுங்கள். சுருளின் அடி தளத்தைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி தெரிய வேண்டும். தொட்டால் நிறை கட்டையில் இறங்காது, கட்டை தளர்ந்து நழுவும். ஆணி அடித்த கட்டையை மட்டும் நம்பிக் கட்டுவது சட்டத்திலேயே தடை.

பிறகு செயின். கண்ணுக்குள்ளால் விட்டு, முன்னே போகாமல் தடுக்கக் குறைந்தது ஒன்று, பின்னே போகாமல் தடுக்க ஒன்று. பக்கத்தில் நின்று பார்த்தால் தளத்தோடு 45 பாகைக்கு மேல் நிமிராதபடி போட முயலுங்கள். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குள் செயின்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே வெட்டக் கூடாது. 20,000 கிலோவுக்குப் பாதி 10,000, அதை 2,990 ஆல் பிரித்தால் நான்கு செயின். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என்று பிரியுங்கள். கண்ணின் விளிம்பில் செயின் படும் இடமெல்லாம் மூலைக்காப்பு வேண்டும். இல்லாவிட்டால் சுருள் காயப்படும், வாங்குபவர் திருப்பி அனுப்பலாம்.

நெம்புகோல் பைண்டரில் குழாய் செருகி இழுக்காதீர்கள். கை தவறினால் அந்தப் பிடி தாடையை உடைக்கும் வேகத்தில் திரும்பி வரும். ராச்செற் மெதுவானது, ஆனால் கையை விட்டாலும் நிற்கும்.

படங்கு

பலகை ஏற்றும் பாரத்துக்கான படங்கு ஒன்றே 45 கிலோவைத் தாண்டலாம். அதைத் தோளில் சுமந்து மேலே ஏறாதீர்கள், ஃபோர்க்லிப்ட்டால் வைத்துத் தரச் சொல்லுங்கள். பாரத்தின் மேலிருந்து விழுவது இந்த வேலையின் மோசமான விபத்துகளில் ஒன்று. ஏற்றும் இடத்தில் படங்குத் தட்டு (படங்கு போடுவதற்கென அமைத்த மேடை) இருந்தால் வரிசையில் காத்திருந்தாவது அதைப் பாவியுங்கள். பின் படங்கை முதலில் விரித்து முன் படங்கை அதன்மேல் படியவிட்டால், ஓடும்போது காற்று மடிப்புக்குள் புகாது. ரப்பர் பட்டியை இழுக்கும்போது முகம் அதன் நேர்கோட்டில் இருக்கக் கூடாது. கூர்மையான மூலைகளில் பழைய கம்பளத் துண்டு வையுங்கள். சுருளுக்குக் கீழே ஈரக் கட்டை வைத்து மூடினால் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும்.

வழியில்

கனடாவில் முதல் 80 கிலோமீற்றருக்குள் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதன்பின் 240 கிலோமீற்றர், மூன்று மணி நேரம், வேலை நிலை மாற்றம் (ஓட்டுவதிலிருந்து ஓய்வுக்குப் போவது போன்றது), இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது. அமெரிக்காவிலும் இதே ஒழுங்குதான், 50 மைலும் 150 மைலும். ஹமில்ரனிலிருந்து 403 நெடுஞ்சாலை வழியாக வின்சர் போனால் வூட்ஸ்ரொக்குக்கு முன்பே முதல் நிறுத்தம். அந்த முதல் பார்வையில் எப்போதும் ஏதாவது இறுக்க வேண்டியிருக்கும், கட்டை அமரும், ஸ்ட்ராப் இழுபடும். குளிர்காலத்தில் ஈர ஸ்ட்ராப் உறைந்து விறைப்பாகத் தெரியும், உருகியதும் தொங்கும். பார்வையை நம்பாமல் கையால் தட்டிப் பாருங்கள்.

கட்டவும் மூடவும் எடுக்கும் நேரம் வேலை நேரம். அதை ஓய்வாகப் பதியச் சொல்லும் டிஸ்பாச்சருக்கு (ஓட்டங்களை ஒதுக்கும் கம்பனி ஆளுக்கு) மறுப்புச் சொல்லுங்கள். கனடாவில் ஒரு நாளில் 13 மணி நேரம் ஓட்டலாம், அமெரிக்காவுக்குள் நுழைந்தால் 11 தான், அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். எட்டு மணி நேரம் ஓட்டியபின் 30 நிமிட இடைவேளையும் அங்கே கட்டாயம்.

இறக்கும்போது

கிரேன் கொக்கி சுருளைப் பிடித்துத் தாங்கும் வரை கடைசிச் செயினைக் கழற்றாதீர்கள். பைண்டரை விடும் முன் சுருள் கட்டையிலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் செயின் ஒன்றில் முழு இழுவையும் இருக்கும், பக்கத்தில் விலகி நின்று மெல்லத் தளர்த்த வேண்டும். ஏற்றும் இடத்தில் நாலு பக்கமும் எடுத்த புகைப்படங்களை வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் பில்லில் சேதம் என்று எழுதினால், உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கம்பனிக்குச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள்.