வசந்தகாலத்தில் நண்பர்களோடு முதல் ஸ்கீ டூரிங்: படிப்படியாக

லிஃப்ட் இல்லாத, யாரும் பனியைச் சமன்படுத்தி வைக்காத மலையில் சொந்தக் காலில் ஏறி, ஸ்கீயில் சறுக்கி இறங்குவதுதான் ஸ்கீ டூரிங். அதைத் தொடங்க வசந்தகாலம் அருமையான பருவம். பகல் நீளம், குளிரும் கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் நேரம் தவறினால் இந்தப் பருவம் மன்னிக்காது. காலை பத்து மணிக்குக் கெட்டியாக இருந்த அதே சரிவு, பகல் ஒரு மணிக்குள் ஈரம் ஊறிப் பனிச்சரிவாகக் கீழே வரலாம்.

ஸ்கீ மைதானத்தில் தடுமாறாமல் திரும்பவும் நிற்கவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளம்பும் முன் பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை முடித்துவிடுங்கள். முதல் சில பயணங்களில் வழிகாட்டியோ, நல்ல அனுபவமுள்ள ஒருவரோ கூடவே இருக்கட்டும். இந்த இரண்டிலும் சமரசமே வேண்டாம்.

படி 1: சாமான்கள்

ஏறும்போது குதிகால் மேலே எழும்ப வேண்டும், இறங்கும்போது பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கென்றே டூரிங் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு இணைக்கும் பிடி) உண்டு. ஸ்கீயின் அடியில் ஒட்டும் 'ஸ்கின்' என்ற பட்டையின் இழைகள் முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கிச் சறுக்காமல் பிடிக்கும். விடியற்காலைப் பனி இறுகிக் கிடக்கும் என்பதால் ஸ்கீயில் மாட்டிக்கொள்ளும் பற்கள் உள்ள தகடான ஸ்கீ கிராம்பானும் தேவை.

புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் டிரான்ஸீவர் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் புரோப் கம்பி, உலோக ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பொதுவில் ஒன்று போதாது. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே வேகமாகச் சரிந்துவிடும். வெளியிலிருந்து மீட்புக் குழு அதற்குள் வந்து சேர்வது அரிது, தோண்டி எடுக்கப்போவது உங்கள் நண்பர்கள்தான்.

கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்காதீர்கள். வெயில் பனியில் பட்டுத் திரும்பும் என்பதால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூடத் தடவ வேண்டும்.

படி 2: முந்தின இரவு

இந்தப் படியில்தான் பயணத்தின் பாதி முடிவாகிறது. அந்தப் பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கையைப் படியுங்கள். அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணில் சொல்வார்கள். வசந்தத்தில் காலைக்கு ஓர் எண், பிற்பகலுக்கு அதைவிடக் கூடுதலான எண் என்று பிரித்துக் கொடுப்பதும் உண்டு. அடுத்து, வரைபடத்தில் சாய்வுக் கோணம் பாருங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. தொடக்கக்காரர்கள் 30-க்குக் கீழே இருக்கும் வழியையே எடுங்கள், அதற்கு மேலே செங்குத்தான சரிவு தொங்கிக்கொண்டிருக்கவும் கூடாது.

அப்புறம், வானம். மேகமில்லாத இரவில் பனி தன் வெப்பத்தை வெளியே விட்டு நன்றாக உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் அந்த வெப்பம் வெளியேறாது, பனி சரியாக உறையாமலே விடிந்துவிடும். அப்படி இரவு முழுக்க மேகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே என் வழக்கம்.

கடைசியாக, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உச்சி பத்தடி தூரத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்ப வேண்டும். ஒருவர் "வேண்டாம்" என்றாலே போதும், காரணம் கேட்டு மடக்காமல் எல்லோரும் திரும்புவது என்றும் பேசி வையுங்கள். நண்பர்களுக்குள் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அதனால்தான் மலையில் வைத்துப் பேசாமல் முந்தின இரவே பேசிவிட வேண்டும்.

படி 3: கிளம்பும் இடத்தில்

ஒருவர் தன் டிரான்ஸீவரைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நிற்கட்டும். மற்றவர்கள் அனுப்பும் நிலையில் ஒவ்வொருவராக அவரைக் கடக்க வேண்டும். பிறகு அவருடையதும் அனுப்புகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். போன் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது, சமிக்ஞை கெடும்.

படி 4: ஏறுதல்

ஸ்கீயைத் தூக்காதீர்கள், தேய்த்தபடியே முன்னால் நகர்த்துங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். அதுவும் குழுவில் மெதுவானவரின் வேகமாக இருக்கட்டும். செங்குத்து கூடினால் வளைந்து வளைந்து ஏறுங்கள். கிராம்பானை வழுக்க ஆரம்பித்த பிறகு மாட்டுவது சிரமம், முன்பே மாட்டிவிடுங்கள். முகட்டின் விளிம்பில் காற்று கட்டிய பனி, அடியில் எதுவும் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

படி 5: இறங்குதல்

இரவில் உறைந்து பகலில் உருகி, இது பல நாள் நடந்தால் பனி கல் உப்பு மாதிரி மணி மணியாகிவிடும். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் கெட்டியாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சறுக்குவது அத்தனை சுகம்! இன்னும் கல்லாக இருந்தால் காத்திருங்கள். வட அரைக்கோளத்தில் கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, அதன் பின் மேற்கு.

ஸ்கீயைக் கழற்றி நிற்கும்போது கால் கணுக்காலுக்கு மேல் புதைகிறதா? பனி உருண்டைகள் தானாக உருண்டு வருகின்றனவா? நேரம் தாண்டிவிட்டது, சாய்வு குறைந்த பக்கமாக உடனே இறங்குங்கள்.

ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் இறங்க, மற்றவர்கள் அவரைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கூடி நிற்கும் இடம் சரிவின் நேர் கீழே இருக்கக் கூடாது. பனிப்பகுதியை முழுசாகத் தாண்டும்வரை டிரான்ஸீவரை அணைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்கின்னை நிழலில் உலர்த்துங்கள். ஹீட்டரின் மேல் போட்டால் பசை கெட்டுவிடும்.