நகை போன பிறகு பட்டியல் எழுதாதீர்கள்

போன மாதம் தோஹாவிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். எங்கள் தெருப் பையன்தான். அவன் அப்பாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். "மாமா, வீட்டுப் பின்கதவை உடைத்திருக்கிறார்கள். அலமாரி காலி. அம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டேன்" என்றான்.

"எத்தனை பவுன் என்று அம்மா சொன்னார்கள்?"

"சரியாகத் தெரியவில்லை மாமா. சுமார் இருபத்தைந்து என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள், பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்."

2013இல் மஸ்கட்டிலிருந்து என் மைத்துனனிடம் நான் சொன்ன அதே வார்த்தைகள். எரிச்சலில் போனை வைத்துவிட்டு, வெட்கப்பட்டு, மறுபடி நானே கூப்பிட்டேன்.

நான் சித்தூர் தாலுகாக்காரன். பாலக்காடு மாவட்டம்தான்; ஆனால் சந்தைக்குப் பொள்ளாச்சி, வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம். பத்தொன்பது வருடம் மஸ்கட்டின் ரூவியில் கணக்கு எழுதினேன். சொந்த இன்சூரன்ஸ் க்ளெய்மில் பட்ட அடிக்குப் பிறகுதான் பாலிசிக் காகிதத்தைப் பின்பக்கம் வரை படிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எங்கே திருட்டு நடந்தாலும் கோப்பு என் திண்ணைக்கு வந்துவிடுகிறது. கதவைப் பூட்டுங்கள், கேமரா வையுங்கள், ஊரில் இல்லாததை முகநூலில் அறிவிக்காதீர்கள் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் செய்யும் மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஸ்டேஷனில் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்வது

2013இல் எங்கள் வீட்டில் திருட்டு நடந்தபோது என் அம்மா பொள்ளாச்சியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது நான்கே இரவுகள். கடப்பாரையால் பின்கதவை நெம்பியிருந்தார்கள். மைத்துனன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "என்னவெல்லாம் இருந்தது?" என்று எனக்குப் போன் செய்தான். எனக்கு எங்கே தெரியும்? என் மனைவிக்கே அழுகையில் பாதி மறந்துபோயிருந்தது. "முப்பது என்று எழுதிக் கொடு" என்றேன். அவனும் கொடுத்தான்.

பிறகு மூன்று இரவுகள் கல்யாண ஆல்பத்தையும் சீமந்தப் படங்களையும் வைத்துக்கொண்டு அவள் எண்ணினாள். நாற்பத்தொன்றரை பவுன் வந்தது. பதினொன்றரை பவுன், அதாவது 92 கிராம், எங்கள் நினைவிலிருந்து தவறியிருந்தது. நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயரின் கண்ணுக்கு அது தவறியதாகத் தெரியவில்லை, முளைத்ததாகத் தெரிந்தது. திருட்டு நடந்த மறுநாள் முப்பது, அடுத்த வாரம் நாற்பத்தொன்றரை என்றால் அவர் வேறு என்ன நினைப்பார்?

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மைத்துனன் தமிழில் சொன்னான். எழுதியவர் மலையாளத்தில் எழுதினார். அவன் "சங்கிலி" என்றது காகிதத்தில் "மாலை" ஆனது, மலையாளத்தில் கழுத்துச் செயினுக்கே மாலை என்றுதான் பெயர். "கொடி ஒன்பது பவுன்" என்றது "தாலிமாலை" ஆனது. அவர் செய்ததில் குற்றமில்லை. அவர் ஊர்ப் பேச்சில் அதுதான் சரி. படித்துக் காட்டினார், இவன் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டான். அந்தக் காகிதம் இன்சூரன்ஸ் கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்குப் போனது. அங்கே மொழிபெயர்த்தவர் மாலையை நெக்லஸ் ஆக்கினார். நான் நிரப்பிய க்ளெய்ம் படிவத்தில் இருந்தது செயின். பொள்ளாச்சிக் கடை பில்லில் இருந்தது கொடி. எஃப்.ஐ.ஆரில் தாலிமாலை. இவை ஒரே பொருளா வேறு வேறா என்று கேட்டு ஏழு மாதம் கடிதம் வந்தது. கடைசியில் பில்லும் முதல் வாக்குமூலமும் ஒத்துப்போன பதினேழு பவுனுக்கு மட்டும் காசோலை அனுப்பினார்கள்.

திருடன் எடுத்தது போக நான் என் வாயால் கொடுத்தது இருபத்து நாலரை பவுன். இன்றைக்கும் யாராவது "சுமார்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புகாரைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. அன்றைக்கே கொடுங்கள். ஆனால் எண்ணைச் சொல்லாதீர்கள். "நகைகள் திருடு போயிருக்கின்றன; முழு விவரமும் எடையும் வெளிநாட்டிலிருக்கும் மகனிடமிருந்து பெற்றுத் தனிப் பட்டியலாகத் தருகிறேன்" என்ற வாக்கியம் முதல் காகிதத்திலேயே இருக்கட்டும். பட்டியலை இரண்டொரு நாளில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாக்குமூலத்தை எழுதியவர் படித்துக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு நகைப் பெயரிலும் நிறுத்திக் கேளுங்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று நம் ஊரில் ஒரு பயம் உண்டு. குறை தீர்க்கும் மனுவை நாட்டில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவே சொல்கிறது. தமிழ்ப் பட்டியலை இணைப்பாகக் கொடுங்கள், பக்கத்திலேயே மலையாளப் பெயரையும் எழுதிவிடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவில் நமக்குப் பயன்படும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். மாநில எல்லையிலிருக்கும் வாளையாருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற பேச்சு செல்லாது. மின்னணு வழியிலும் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். தோஹாவில் இருப்பவரால் மூன்று நாளில் வந்து கையெழுத்துப் போட முடியாது என்பதால், உடைந்த கதவைக் கண்ணால் பார்த்தவர் புகார் கொடுப்பதும் நீங்கள் பட்டியலை அனுப்புவதும்தான் நடக்கிற காரியம்.

ஆனால் அனுப்புவதற்குப் பட்டியல் முன்பே இருக்க வேண்டும். அடுத்த விடுமுறையில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். ஒவ்வொரு நகையையும் தராசின் மேல் வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். கல் வைத்ததென்றால் கல்லின் எடை தனி. 2021 ஜூலைக்குப் பிறகு ஹால்மார்க் செய்த நகைகளில் எச்.யு.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி நகையில் அது இருக்காது, அதற்குப் பற்றவைத்த இடம், நெளிந்த கொக்கி என்று ஏதாவது அடையாளம் எழுதுங்கள். கடை பில்லில் மை நாளடைவில் வெளுத்துவிடுகிறது. வாங்கிய அன்றே நகல் எடுங்கள். மஸ்கட்டின் மத்ராஹ் சந்தையில் வாங்கிய பில்லுக்கும் இதுதான்.

ஓணத்துக்குப் பூட்டி விஷுவுக்குத் திறப்பது

ஷார்ஜா தம்பதி ஒருவருக்கு நடந்தது. பாலிசி உண்டு, பிரீமியம் பாக்கியில்லை, கதவு உடைந்ததற்குப் படமும் உண்டு. ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள்: வீடு ஆளில்லாமல் இருந்தது. திருட்டுக்கான பல பாலிசிகளில், தொடர்ந்து ஏழு நாள் இரவும் பகலும் யாரும் தங்காத வீட்டுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சிலவற்றில் முப்பது நாள், சிலவற்றில் அதற்கும் மேல். வளைகுடாக்காரர் வீடு வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். அப்படியென்றால் அவர் பதினோரு மாதம் சும்மா பணம் கட்டியிருக்கிறார். ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார். கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதி, கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டி, சம்மதத்தை பாலிசியில் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள்.

கேரள போலீசின் 'போல்-ஆப்' செயலியில் பூட்டிய வீட்டைக் கண்காணிக்கச் சொல்லிப் பதிவு செய்யலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் 14 நாள் வரைதான். மூணாறுக்குப் போகிறவருக்குச் சரி. மஸ்கட்டுக்குப் போகிறவருக்கு?

பீரோ சாவியை அரிசிப் பானையில் வைப்பது

திருடனுக்கும் அரிசிப் பானை தெரியும். சாவியால் திறந்து எடுத்தால், அந்தச் சாவியை மிரட்டியோ அடித்தோ பிடுங்கியிருந்தால் ஒழியப் பணம் கிடையாது என்று சொல்லும் பாலிசிகள் உண்டு. பலவந்தமாக நுழைந்த தடயமும் வேண்டும். பாலிசி வாசகம் அப்படிக் கேட்டால் வெறும் திருட்டு போதாது என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. சர்வேயர் வரும் முன் கதவைச் சரிசெய்துவிடாதீர்கள்.

"யாரோ தெரிந்தவர்தான்" என்று வாக்குமூலத்தில் சொல்வது

குடும்பத்தார், வேலைக்காரர் எடுத்தால் பல பாலிசிகள் கைவிரிக்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள். ஊகத்தை எழுத வைக்காதீர்கள்.

போனதோடு சேர்த்து இரண்டு பவுன்

வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான பவுனுக்கும் பணம் வராது.

லாக்கரில் இருக்கிறதே என்ற நிம்மதி

2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டிலோ தீயிலோ ஊழியர் மோசடியிலோ லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. வீட்டு அலமாரியைவிட லாக்கர் நல்லதுதான். பட்டியலும் தனி இன்சூரன்ஸும் அதற்கும் வேண்டும்.

பழைய விலைக்குப் பாலிசி

பத்து லட்சத்துக்கு எடுத்தீர்கள்; தங்கம் ஏறி நகையின் மதிப்பு இருபது லட்சம் ஆகிவிட்டது. ஆறு லட்ச ரூபாய் நகை போனால் ஆறு லட்சம் கிடைக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று பெரும்பாலான பாலிசிகளில் மூன்று லட்சம்தான் தருவார்கள். புதுப்பிக்கும்போது தொகையை உயர்த்துங்கள்.

செக்-இன் பெட்டியில் நகை

வைக்கவே வைக்காதீர்கள்.

சுங்கச் சான்று இல்லாமல் நகையை அங்கே கொண்டுபோவது

இந்தியாவிலிருந்து நகையோடு கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று கேட்டு வாங்கலாம். பலர் வரிசைக்குச் சோம்பல்பட்டு விடுகிறார்கள். திரும்பும்போது அதே நகையை வெளிநாட்டில் வாங்கியதென்று கருதக்கூடும். ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவருக்கும் வரியில்லாச் சலுகை பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம்தான். எனக்கு அந்தச் சான்று பிடிப்பதற்கு வேறு காரணம்: நகையின் விவரத்தை அரசு முத்திரையோடு எழுதித் தருகிற காகிதம் அது ஒன்றுதான். அங்குள்ள வீட்டில் திருட்டு நடந்தால் அந்த ஊர் இன்சூரன்ஸ்காரரிடம் அதையே நீட்டலாம். அங்கேயும் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கும்; அதைத் தாண்டும் நகையைத் தனியாகப் பெயர் சொல்லி அறிவித்திருக்க வேண்டும்.

ஊரில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இருப்பது

திருடன் பிடிபட்டு நகை கிடைத்தாலும் அது நேரே வீட்டுக்கு வராது, நீதிமன்றத்துக்குப் போகும். படம் எடுத்து, விவரம் எழுதி, பிணை வாங்கிக்கொண்டு உரிமையாளரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மனுப் போட ஒருவர் வேண்டுமே. உங்கள் சார்பில் செயல்பட ஊரிலிருக்கும் ஒருவருக்கு இந்தியத் தூதரகத்தில் பவர் ஆஃப் அட்டர்னி கையெழுத்திட்டு அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்த வேண்டும். நான் நாலாவது மாதம் போய் நின்றேன். கம்பெனி பணம் கொடுத்த நகை கிடைத்தால் அது கம்பெனிக்குச் சேரும் என்பதையும் மறக்காதீர்கள்.

மறுப்புக் கடிதத்தோடு ஓய்ந்துபோவது

கம்பெனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால், கம்பெனி மீதான புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். நம் பக்கத்துக்கு அலுவலகம் கொச்சியில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நான் போகவில்லை. இருபத்து நாலரை பவுனில் கொஞ்சமாவது திரும்பியிருக்குமோ என்று இப்போதும் சில இரவுகளில் கணக்குப் போடுகிறேன்.

தோஹா பையனின் அம்மாவை மறுநாளே திரும்ப ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். இருபத்தைந்து என்று சொன்னது நினைவில்லாமல் சொன்னது என்பதையும் எழுதி, பட்டியலையும் இணைத்துக் கொடுத்தோம். வரிசையாகப் படித்துக்கொண்டு வந்த எழுத்தர் ஓரிடத்தில் நிமிர்ந்தார். "கொடி என்றால் எதும்மா?" அந்த அம்மா கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் காட்டினார், கொடி போன பிறகு கட்டிக்கொண்டது. அவர் தலையசைத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் தாலிமாலை என்று எழுதிச் சீல் வைத்தார்.