புதிய கேமராவை வெளிப்பயணங்களில் சோதித்துப் பழகும் முறை

புதிய டிஜிட்டல் கேமரா வாங்கியவர்கள் பலரும் முதல் பயணத்திலேயே அதன் எல்லா வசதிகளையும் தொட்டுப் பார்த்துவிட விரும்புகிறார்கள். அதனால் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்கின்றனவே தவிர, கேமரா எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தெளிவாவதில்லை. ஒரு பயணத்தில் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்குப் பொருத்தமான இடத்தைத் தேர்ந்தெடுத்துச் செல்வதே நல்ல முறை என்பது என் உறுதியான கருத்து. சென்னைக்கு அருகே இதற்கு ஏற்ற இடங்களாக மாமல்லபுரம், வேடந்தாங்கல், காசிமேடு ஆகிய மூன்றையும் சொல்வேன். உங்களிடம் இருப்பது கிட் லென்ஸுடன் (பெட்டியிலேயே சேர்ந்து வரும் 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ்) வரும், ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவுச் சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) கொண்ட மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாதது) என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வெளியே கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடையோ இணையதளமோ தரும் மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் சில நாட்களே என்பதால், உற்பத்திக் குறை ஏதேனும் இருந்தால் அதை அந்தக் காலத்துக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். லென்ஸின் ஒளித் துளையான அப்பெர்ச்சரை எஃப் 22 அளவுக்குச் சுருக்கி (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்), ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படமெடுங்கள்; வெவ்வேறு படங்களில் ஒரே இடத்தில் மங்கலான புள்ளி தெரிந்தால் அது சென்சாரில் படிந்த தூசி. ரப்பர் ஊதியால் ஊதிப் பார்க்கலாம், ஆனால் விரலோ துணியோ சென்சாரைத் தொடவே கூடாது. அடுத்து, செய்தித்தாளின் பெரிய பக்கங்களைச் சுவரில் ஒட்டி, கேமராவைச் சுவருக்கு நேராக நிறுத்தி, அப்பெர்ச்சரை முழுமையாகத் திறந்து, லென்ஸின் அகன்ற முனை, நடு, குறுகிய முனை ஆகிய மூன்று நிலைகளிலும் படமெடுங்கள். நான்கு மூலைகளும் சற்றே மங்கலாக இருப்பது கிட் லென்ஸுக்கு இயல்புதான். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றையும்விட மிகவும் மங்கலாக இருந்தால், உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். அதைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

கடிகாரத்தைச் சரிசெய்வது, வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி உங்கள் கண்பார்வைக்கு ஏற்ப அமைப்பது, மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்வது, கோப்பு வகையை ரா (சென்சார் பதிந்த முழுத் தரவு), ஜேபெக் (கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய படம்) இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வைப்பது ஆகியவற்றையும் அப்போதே முடித்துவிடலாம்.

முதல் பயணம் அசையாத பொருளை நோக்கியே இருக்கட்டும். மாமல்லபுரத்தில் கேட்க வேண்டிய கேள்வி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான பெரிய வேறுபாட்டைக் கேமரா எவ்வளவு தாங்கும் என்பதே. கடற்கரைக் கோயில் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. வளாகத்தின் மேற்குப் பக்கம் நின்று பார்த்தால் காலைச் சூரியன் கோயிலின் விமானக் கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும். கருங்கல் இருண்டும் வானம் பளிச்சென்றும் தெரியும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சூரியன் ஆறரை மணியளவில் உதிப்பதால், வாயில் திறந்ததும் உள்ளே சென்றால் இந்த ஒளி கிடைக்கும். கோடையில் அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அந்த ஒரே காட்சியை, கேமரா தானாகத் தேரும் வெளிச்ச அளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பூஜ்யத்திலும், ஒரு படி குறைத்தும், இரண்டு படி குறைத்தும் எடுத்து வாருங்கள். வீட்டில் ரா கோப்பைத் திறந்து இருண்ட பகுதிகளை உயர்த்தும்போது, கல்லின் புள்ளியும் கோடும் எந்தப் படத்தில் மீண்டு வருகின்றன, எதில் வெறும் இரைச்சல் (மணல் தூவினாற்போன்ற புள்ளிகள்) மட்டும் எழுகிறது என்பது தெரிந்துவிடும். வானத்தில் வெளுத்துப்போன இடம் மீளாது என்பதையும் ஜேபெக் கோப்பில் நிழலை உயர்த்த அதிக இடம் இல்லை என்பதையும் அதே படங்கள் காட்டும். மிரர்லெஸ் திரையில் ஹிஸ்டோகிராமை (இருள் இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) எப்போதும் தெரியும்படி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அன்றே தொடங்குவது நல்லது.

அங்கிருந்து அர்ச்சுனன் தபசு பாறைக்கு நடந்துவிடுங்கள். சுமார் 30 மீட்டர் அகலத்துக்குப் பரந்திருக்கும் அந்தப் புடைப்புச் சிற்பம், லென்ஸின் கூர்மையைப் பார்ப்பதற்குச் செய்தித்தாளைவிட நல்ல களம். எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11, எஃப் 16 என்று மாற்றி எடுத்து, பெரிய யானைக்கு அருகே நிமிர்ந்து நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். ஏபிஎஸ்-சி கேமராக்களில் பொதுவாக எஃப் 8-ஐ ஒட்டி நல்ல கூர்மை கிடைக்கும். எஃப் 11-ஐத் தாண்டினால் ஒளியின் வளைவால் படம் மெல்லத் தளரும். பாறைக்கு அருகிலேயே உள்ள கிருஷ்ண மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் கை நடுக்கச் சோதனையையும் செய்துவிடலாம். 1/60, 1/30, 1/15, 1/8 விநாடி ஒவ்வொன்றிலும் சில படங்கள் எடுத்து, எந்த வேகம் வரை பெரும்பான்மைப் படங்கள் தெளிவாக வருகின்றன என்று குறித்துக்கொண்டால், உங்கள் கைக்கும் அந்தக் கேமராவின் நடுக்கத் தடுப்புக்கும் உரிய எல்லை உங்களுக்கே தெரியும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி தேவைப்படும் என்பதால், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேமரா வாங்கியவர் மிகவும் அறிய வேண்டியது அசையும் பொருளை அது எப்படிப் பின்தொடர்கிறது என்பதே. அதற்கு நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் வேடந்தாங்கலை விட நல்ல பள்ளி இல்லை. ஏரியில் நீரும் பறவைகளும் நிறைந்திருக்கும் மாதங்களில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் ஒரே திசையில், ஒரே மாதிரியான பாதையில் திரும்பத் திரும்ப வந்து இறங்குகின்றன. ஒரே செயல் பலமுறை நடப்பதால் ஒவ்வொரு அமைப்பையும் மாற்றிச் சோதித்து ஒப்பிடலாம். கரையிலிருந்து மரங்கள் தள்ளியே இருப்பதால் கிட் லென்ஸ் போதாது. 300 மில்லிமீட்டர் வரை செல்லும் ஜூம் லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் செல்வதே சிக்கனம். ஏபிஎஸ்-சி கேமராவில் அது, பெரிய சென்சார் கொண்ட முழு ஃபிரேம் கேமராவில் சுமார் 450 மில்லிமீட்டர் லென்ஸ் தரும் காட்சி அளவைத் தரும்.

முதலில் எக்ஸ்போஷரை நீங்களே அமைக்கும் மேனுவல் முறைக்கு மாற்றிவிடுங்கள். தானியங்கி அளவீட்டில், இருண்ட மரங்களுக்கு எதிரே வெள்ளை நாரை வந்தால் இறகுகள் வெளுத்துப்போகும். அதே நாரை வானத்துக்கு எதிரே போனால் வெறும் கரிய உருவமாகிவிடும். பறவையின் மேல் விழும் வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதால், அமர்ந்திருக்கும் நாரையின் வெள்ளைக்கு ஒருமுறை அளவெடுத்து நிறுத்திவிட்டால், மேகம் மறைக்கும் வரை அதை மாற்ற வேண்டியதில்லை. நல்ல வெயிலில் 1/1600 விநாடி, எஃப் 6.3, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 என்று தொடங்கி, ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைத் தொடாதவாறு சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து ஃபோகஸ். தொடர் ஃபோகஸ் முறையை வைத்து, ஒற்றைப் புள்ளி, சிறு பகுதி, முழுத் திரை, பறவைக் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதுவும் என ஒவ்வொன்றிலும் சில வருகைகளைப் படமெடுங்கள். திறந்த வானத்தில் ஏறக்குறைய எல்லா முறைகளும் வேலை செய்யும். பறவை மரக்கிளைகளுக்கு முன்னால் வந்ததும்தான் வித்தியாசம் தெரியும். முழுத் திரை முறை சட்டென்று பின்னாலுள்ள கிளைகளுக்குத் தாவிவிடும், சிறு பகுதி முறை நாரையின் உடலைப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் கேமராவில் எது எப்போது தாவுகிறது என்பதைக் கையேடு சொல்லாது. கூட்டுக்குக் குச்சி தூக்கி வரும் மஞ்சள் மூக்கு நாரை இறங்குவதற்குச் சற்று முன் கால்களைக் கீழே தொங்கவிட்டு, சிறகுகளை முழுவதும் விரித்து வேகத்தைக் குறைக்கும். அதன் முதுகுப் பக்கத்து இளஞ்சிவப்பு இறகுகள் அப்போதுதான் முழுமையாகத் தெரியும். அந்தக் கூட்டில் முன்பே ஃபோகஸ் செய்துவிட்டு, கால் தொங்கியதும் ஷட்டரை அழுத்தத் தொடங்க வேண்டும்.

ஒரே அழுத்தலில் தொடர்ந்து பல படம் எடுக்கும் பர்ஸ்ட் முறையின் உண்மையான அளவையும் இங்கேயே பார்த்துவிடலாம். விளம்பரத்தில் விநாடிக்கு எத்தனை படம் என்று சொல்லப்பட்டிருந்தாலும், ரா கோப்பில் எத்தனை படங்களுக்குப் பிறகு கேமரா திணறுகிறது, மீள எத்தனை விநாடி ஆகிறது என்பதே களத்தில் பயன்படும் எண். எலக்ட்ரானிக் ஷட்டரில் (சென்சாரே வரிவரியாகப் பதிவது) சில படங்களும் மெக்கானிக்கல் ஷட்டரில் (திரை திறந்து மூடுவது) சில படங்களும் எடுத்து, வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து தெரிகிறதா என்றும் பாருங்கள். ஏரியில் பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அறிந்து தலைமுறைகளாக இந்தப் பறவைகளைக் காத்துவரும் ஊர் அது. படத்துக்காகக் கை தட்டிப் பறவைகளைக் கிளப்புவதும் ஃபிளாஷ் அடிப்பதும் அங்கே செய்யத் தகாதவை.

குறைந்த வெளிச்சத்துக்கான கேள்வியைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியலுக்கு முன்பே கொண்டுபோங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலத்தின் பரபரப்பு இருக்காது. மற்ற மாதங்களில் ஏலக் கூட்டத்தையும் விளக்கொளியில் மின்னும் மீன் செதிலையும் வைத்து, ஒரே காட்சியை ஐஎஸ்ஓ 1600, 3200, 6400, 12800 என்று எடுத்துப் பாருங்கள். முடிவை நூறு சதவீதப் பெருக்கத்தில் மட்டும் பார்க்காமல், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகும் அளவில், கைப்பேசித் திரையிலோ அச்சிட்ட படத்திலோ பார்த்தே தீர்மானிக்க வேண்டும்; பலர் ஐஎஸ்ஓ 6400-க்குத் தேவையில்லாமல் அஞ்சி, மங்கிய படங்களோடு திரும்புகிறார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. படத்தில் கிடைமட்டப் பட்டைகள் தெரிந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். அது அவர்களுடைய வேலையிடம், பாதையை மறிக்காமல் ஒதுங்கி நின்று, முகத்தை நெருங்கி எடுக்கும் முன் "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். திரும்பியதும் உப்புக் காற்று பட்ட கேமராவின் வெளிப்புறத்தைச் சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்த லென்ஸில் நம் கடற்கரைக் காற்று பட்டதும் பனி படர்ந்துவிடும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னரே கேமராவை மூடிய பையோடு வெளி அறைக்கு மாற்றிவிட்டால் போதும். மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது பூஞ்சையைத் தடுக்கும்.

ஒவ்வொரு பயணமும் முடிந்த அன்றே படங்களைக் கணினியில் பார்த்து, கேள்வியையும் கிடைத்த விடையையும் ஒரு குறிப்பேட்டில் சில வரிகளில் எழுதிவிடுங்கள். சோதனைப் படங்களை உடனே அழிக்க வேண்டாம். சில பயணங்களுக்குப் பிறகு எல்லாப் படங்களையும் லென்ஸ் நீளத்தின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், உங்கள் கண் அகன்ற காட்சியை நாடுகிறதா, தொலைவை நாடுகிறதா என்பது தெரியவரும். பெரும்பாலான படங்கள் 18 மில்லிமீட்டர் முனையிலேயே குவிந்திருந்தால் தொலைவு லென்ஸுக்குப் பணம் செலவிட வேண்டாம். 55-லேயே முட்டிக்கொண்டு நின்றிருந்தால், வேடந்தாங்கலுக்கு வாடகைக்கு எடுத்த அந்த நீள லென்ஸையே விலை விசாரிக்கத் தொடங்கலாம்.